இசக்கி நாட்டுக்கு அனுப்பிய தூதர்

நவம்பர் 4, திங்கள்

காலில் மாவுக்கட்டு போட்டு இன்றோடு ஒன்பது நாள். ஸ்கூட்டர் சறுக்கியதற்கு மழைதான் காரணம், நான் இல்லை என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன். டாக்டர் ஆறு வாரம் என்று சொல்லிவிட்டார். பன்னிரண்டு வருஷமாகக் கோர்ட்டில் இங்கிலீஷ் உத்தரவுகளைத் தமிழாக்கிக்கொண்டிருந்தவளுக்கு இப்போது மொழிபெயர்க்கக் கிடைப்பது பக்கத்து வீட்டுப் பூனை கத்துவது மட்டும்தான். "எழுதித் தொலை. இல்லன்னா என்கிட்ட சண்டை போடுவ" என்று ஜோயல் இந்த நோட்டை வாங்கிக் கொடுத்தார். கட்டிய கணவர் என்றாலும் விஷயம் தெரிந்தவர்.

மத்தியானம் ஒரு வேன் வந்து இரண்டு பெட்டிகளை இறக்கிவிட்டுப் போனது. மேலே "காந்திமதி, பாளையங்கோட்டை" என்று எழுதியிருந்தது. கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, ஆவுடையப்பன். என் அண்ணன், நான்கு வயது மூத்தவன். சென்னையில் இருக்கிறான். டவுனில் இருக்கும் எங்கள் வீட்டைக் காலி செய்கிறான் என்று அம்மா சொல்லியிருந்தாள். திறந்து பார்த்தால் எங்கள் பழைய கம்ப்யூட்டர். பக்கவாட்டில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் என் எழுத்து: "தொடாதே. இப்படிக்கு அரசி காந்திமதி." கூடவே ஒரு துண்டுச் சீட்டாவது வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

சாயங்காலம் அம்மா போன் செய்தாள்.

"பெட்டி வந்துச்சாட்டி?"

"வந்துச்சு. பரண்ல போடச் சொல்லிருக்கேன்."

"இருபத்தெட்டாம் தேதி நியூசிலாந்துக்கு பிளைட் ஏறுதான். இனி எப்ப வருவானோ. ஒரு வார்த்த பேசினா நீ கொறஞ்சா போவ?"

அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் எதுவும் இல்லை. ஒன்பது வருஷமாக நானும் அவனும் பேசுவதில்லை. எனக்குக் கோபமெல்லாம் இல்லை. பேசவில்லை, அவ்வளவுதான்.

நவம்பர் 5, செவ்வாய்

உட்கார்ந்தபடியே சமைத்ததில் பருப்பு தீய்ந்துவிட்டது. ஜோயல் "நல்லாத்தான் இருக்கு" என்றார். பொய் சாட்சி.

நவம்பர் 7, வியாழன்

பொழுது போகவில்லை. அந்த ஒரே காரணத்துக்காகத்தான் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஜோயல் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். இந்த மாதிரிப் பழைய சாமான் கையில் கிடைத்தால் சாப்பாடு கூட வேண்டாம். அரை மணி நேரம் தூசி தட்டி, ஒயரை மாட்டி, சுவிட்சைப் போட்டார். கரகர என்று இருமிக்கொண்டு உயிர் வந்தது. திரையில் எங்கள் ராஜா கேம்.

அதற்கு உண்மையான பெயர் என்ன என்று எங்களுக்குக் கடைசி வரை தெரியாது. சி.டி.யில் பெயர் அழிந்து போயிருந்தது. 1999 கோடை விடுமுறை. அண்ணனுக்குப் பதினைந்து, எனக்குப் பதினொன்று. ஒரு கம்ப்யூட்டர், ஒரு கீபோர்டு, இரண்டு ராஜ்ஜியம். அவன் ஆடும்போது நான் பார்க்கக் கூடாது. பின்வாசலில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்று நூறு எண்ண வேண்டும். என் முறை வந்தால் அவன் போய் நிற்பான். ஆளுக்கொரு பாஸ்வேர்டு.

எங்கள் இருவர் நாடு போக மற்ற மூன்று நாடுகளைக் கம்ப்யூட்டரே ஆண்டது. அந்த ராஜாக்களுக்கு வாயில் நுழையாத பெயர்கள். நாங்கள் திருத்தி வைத்துக்கொண்டோம். பொன்ட்ராக் என்பவன் பொன்ராசு. சுடாலன் என்பவன் சுடலை. வடக்கே மலைநாட்டை ஆண்ட ராணி இசகார், எங்கள் இசக்கி. பச்சைக் கண், மூக்குத்தி மாதிரி ஒரு கல். முதல் நாளே எனக்குப் பிடித்துப் போய்விட்டது. பொன்ராசு பரிசு கொடுத்தால் வாங்கிக்கொண்டு மறுநாளே படையெடுப்பான். சுடலை யாரோடும் சேரமாட்டான். இசக்கி அப்படியில்லை. ஒரு முறை வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். பொன்ராசு என் தலைநகர் காந்திபுரத்தைச் சுற்றி வளைத்தபோது மலை இறங்கி வந்து காப்பாற்றியவள் அவள்.

அவளுக்குக் குதிரை அனுப்புவோம், உப்பு அனுப்புவோம். வீட்டில் விளக்கு வைத்த பிறகு மட்டும் உப்பு அனுப்பமாட்டோம். அந்த நேரத்தில் அடுத்தவருக்கு உப்புக் கொடுக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். கம்ப்யூட்டருக்கும் அது பொருந்தும் என்று அண்ணன் தீர்ப்புச் சொன்னான். அதனால் சாயங்காலம் ஆனால் இசக்கிக்குக் குதிரை மட்டும்தான்.

இதை எழுதும்போது சிரித்துக்கொண்டிருந்தேனாம். ஜோயல் சொல்கிறார்.

நவம்பர் 8, வெள்ளி

சேமித்து வைத்த ஆட்டங்களின் பட்டியலைத் திறந்தேன். எல்லாம் 1999, 2000. ஒன்றே ஒன்று மட்டும் மேலே தனியாக இருக்கிறது. தேதி 9-9-2015. காலை 10.40.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன்.

அந்தத் தேதியில்தான் எனக்கும் ஜோயலுக்கும் பதிவுத் திருமணம் நடந்தது. காலை பத்தரை மணிக்கு, இங்கே பாளையங்கோட்டைப் பதிவு ஆபீஸில். வீட்டில் அண்ணன் ஒருவனுக்குத்தான் விஷயம் தெரியும். "நான் வந்து சாட்சிக் கையெழுத்துப் போடுதேன். அப்பாவ நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லியிருந்தான். எங்கள் கூட்டணி அது. பதினொன்றேகால் வரை வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கடைசியில் ஜோயலின் நண்பர் ஒருவர்தான் என் பக்கத்துச் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார். அண்ணன் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அப்பாவுக்குப் பயந்து பின்வாங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

அதே நேரம் வீட்டில் உட்கார்ந்து கேம் ஆடிக்கொண்டிருந்திருக்கிறான். இது இவ்வளவு நாள் எனக்குத் தெரியாது.

நவம்பர் 9, சனி

கோபம் இருக்கிறது. நேற்று முன்தினம் வரை எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன்.

நவம்பர் 12, செவ்வாய்

விடாத மழை. துணி எதுவும் காயவில்லை. ஜோயலின் சட்டைகளை மின்விசிறிக்குக் கீழே நாற்காலிகள் மேல் விரித்து வைத்திருக்கிறேன். வீடு முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது.

அப்பா இறந்தபோது ஒரு முறை அந்த வீட்டுக்குப் போனேன். மூன்று வருஷம் ஆகிறது. கூட்டத்தில் அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றான். மொட்டை போட்டிருந்தான். ஏதாவது சொல்லுவான் என்று நினைத்தேன். "அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் உள் ரூம்லதான் இருக்கு. பாத்தியா?" என்றான். அப்பா கூடத்தில் கிடக்கிறார், இவனுக்குக் கம்ப்யூட்டர். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நவம்பர் 15, வெள்ளி

கோர்ட்டில் வேலை பார்த்துப் பார்த்து எனக்கு எதற்கும் ஆதாரம் வேண்டும். அவன் அன்றைக்கு மட்டுமல்ல, பதினைந்து வயதிலேயே துரோகிதான் என்பதற்கு ஆதாரம் தேடலாம் என்று பழைய ஆட்டம் ஒன்றைத் திறந்தேன். தோற்று முடிந்த ஆட்டம் என்பதால் பாஸ்வேர்டு கேட்கவில்லை.

வழக்கு இதுதான். அந்த விடுமுறையின் கடைசி வாரம் இசக்கி திடீரென்று எங்கள் மேல் பாய்ந்தாள். எந்த இசக்கி? காந்திபுரத்தைக் காப்பாற்றிய அதே இசக்கி. மூன்றே சுற்றில் காந்திபுரம் எரிந்தது, அண்ணனுடைய ஆவுடைநல்லூரும் போனது. நான் தரையில் புரண்டு அழுதேன். "நீதான் அவள ஏதோ பண்ணிருக்க" என்று அவனைப் பிடித்து உலுக்கினேன். அவன் கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து கொஞ்ச நேரம் படித்தான். பிறகு, "ஆமாட்டி, நாந்தான். தெரியாம அமுக்கிட்டேன்" என்றான். மூன்று நாள் அவனோடு பேசவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யார் எதைச் செய்யாமல் விட்டாலும் "இசக்கிய ஏமாத்துனவன்" என்று நான் அவனைத்தான் சொல்லுவேன். அவனும் சிரித்துக்கொள்வான்.

அந்தப் பக்கம் எது என்று இன்றைக்குத் தேடிக் கண்டுபிடித்தேன். ஆட்டத்தில் யார், எந்த வருஷம், என்ன செய்தார்கள் என்று கம்ப்யூட்டரே எழுதிவைக்கும் வரலாறு. பொடி எழுத்தில் முழுக்க இங்கிலீஷ். அப்போது எனக்குப் படிக்கத் தெரியாது. இப்போது தெரிகிறது. அதை அப்படியே தமிழில் தருகிறேன், தொழில் அதுதானே:

"ஆண்டு 214. அரசி காந்திமதி, இசகாரின் அவையிலிருந்து தன் தூதரைத் திரும்பப் பெற்றார். ஆண்டு 215. இசகார் இதை அவமதிப்பாகக் கருதுகிறார். ஆண்டு 217. போர்."

அரசி காந்திமதி.

நாலைந்து முறை படித்தேன். பிறகு தூதர் பக்கத்தைத் திறந்து பொத்தான்களைப் பார்த்தேன். பரிசு அனுப்பு, கூட்டணி கேள், போர் அறிவி. கடைசியில் ஒன்று: ரீகால் என்வாய். என்வாய் என்றால் தூதர் என்று அண்ணன் சொல்லிக்கொடுத்திருந்தான்.

அந்த வருஷம் எங்கள் இங்கிலீஷ் மிஸ் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் "ரீகால் தி போயம், சில்ட்ரன்" என்பார். ரீகால் என்றால் நினைவுகூர் என்று நோட்டில் எழுதிப் போட்டார். அதைப் பார்த்துத்தான் அமுக்கியிருக்கிறேன். எங்கள் தூதரை இசக்கி மறந்துவிடக் கூடாதே, நாங்கள் உன்னை நினைக்கிறோம் என்று அவளுக்குத் தெரியட்டுமே என்று. அமுக்கிய அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதுகூட இப்போது ஞாபகம் வருகிறது.

பன்னிரண்டு வருஷமாக வாரத்துக்கு நாலு மனு மொழிபெயர்க்கிறேன். பிடியாணையை ரீகால் செய்யக் கோரும் மனு. திரும்பப் பெறுதல் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஒரு நாள்கூட இசக்கி என் நினைவுக்கு வரவில்லை.

நவம்பர் 16, சனி

எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. கட்டுக்குள் அரிக்கிறது. பின்னல் ஊசியை விட்டுச் சொறிந்தேன்.

நவம்பர் 18, திங்கள்

ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறேன். திருமணத்தன்று பதினொன்றேகால் மணிக்கு, கையெழுத்துப் போட்ட கையோடு, அண்ணனுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். "அன்னைக்கு இசக்கிய ஏமாத்துனவன்தானே நீ." அதுதான் நான் அவனிடம் கடைசியாகப் பேசியது. மறுநாள் போன் நம்பரை மாற்றிவிட்டேன்.

அவன் அதைப் படித்திருப்பான். உண்மையில் இசக்கியை ஏமாற்றியது யார் என்று தெரிந்துகொண்டே படித்திருப்பான்.

அவன் பிளைட் ஏற இன்னும் பத்து நாள் இருக்கிறது.

நவம்பர் 20, புதன்

2015 ஆட்டத்தைத் திறந்தேன். காந்திபுரம் எரிவதற்கு முன்னால், ஆண்டு 216-இல் சேமித்த பழைய ஆட்டத்தை எடுத்து, அவன் தன் முறையை முடித்து வைத்திருக்கிறான். அடுத்தது அரசி காந்திமதியின் முறை, பாஸ்வேர்டு தருக என்று நிற்கிறது. பதினொரு வயதில் வைத்த பாஸ்வேர்டுக்கு நான் எங்கே போவேன்? என் பெயர், அப்போது வளர்த்த பூனையின் பெயர், பள்ளிக்கூடத்தின் பெயர், இசக்கி, எதுவும் இல்லை. ஜோயல் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

"அந்த வயசுல உனக்கு ரொம்பப் பிடிச்சது என்ன?" என்றார்.

"அண்ணன வையிறது."

சொன்ன பிறகுதான் தோன்றியது. ஆவுடைஒருகழுதை என்று இங்கிலீஷ் எழுத்தில் சேர்த்து அடித்தேன். கதவு திறந்தது.

கொட்டு முழங்கியது. திரையில் ஒரு தூதர் வந்து குனிந்து நின்றார். ஆவுடைநல்லூர் அரசர் கூட்டணி கேட்கிறார் என்றார். கீழே அரசர் எழுதிய செய்தி. அந்தக் கட்டத்தில் நூறு எழுத்துக்கு மேல் போகாது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் இடித்து நெருக்கி அடித்திருந்தான்:

"அப்பா பக்கத்துல இருக்காங்க. போன் அவங்ககிட்ட. சித்தப்பா கார தூத்துக்குடிக்கு அனுப்பிட்டேன். பயப்படாம கையெழுத்துப் போடு."

ஜோயல் பட்டாணித் தட்டைக் கீழே வைத்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் அழுதேன். இதையும் மறைத்து எழுத எனக்குத் தெம்பு இல்லை.

நவம்பர் 21, வியாழன்

காலையில் அம்மாவிடம் நம்பர் வாங்கினேன். "எதுக்குட்டி?" என்று கேட்காமலே கொடுத்தாள். கைத்தடியோடு சமையலறைக்கும் கூடத்துக்கும் மூன்று நடை நடந்த பிறகு போன் செய்தேன்.

"ஹலோ" என்றான்.

"அண்ணே" என்றேன்.

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம். பிறகு, "பாஸ்வேர்டு ஞாபகம் வந்துருச்சாட்டி?" என்றான்.

"வந்துருச்சு."

"ஆவுடை ஒரு கழுதைதானே?"

"உனக்குத் தெரியுமா?"

"அந்த லீவுலயே தெரியும். நீ டைப் பண்ணும்போது வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே அடிப்ப. பின்வாசல் வரைக்கும் கேக்கும்."

"அப்போ என் டர்ன நீ தொறந்து பாத்திருக்கியா?"

"எப்படிட்டி பாப்பேன்? அது உன் டர்னுல்லா."

பிறகுதான் அன்றைக்கு நடந்ததைச் சொன்னான். பதிவு ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் எங்கள் பெயர் இருப்பதை யாரோ சொல்லக் கேட்ட ஒருவர் காலை ஒன்பது மணிக்கே அப்பாவிடம் சொல்லிவிட்டார். சித்தப்பா நாலு பேரோடு காரில் வந்து நின்றார். அண்ணன், திருமணம் தூத்துக்குடி ஆபீஸில் என்று பொய் சொல்லி அவர்களை அங்கே அனுப்பிவிட்டான். அப்பாவுக்குச் சந்தேகம். போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, இவன் எங்கே போனாலும் கூடவே வருவதாகச் சொல்லி வாசலில் நாற்காலியைப் போட்டார்.

"நான் எந்திரிச்சு வந்தா அப்பாவயும் கூட்டிட்டு வந்த மாதிரி ஆயிரும். அதான் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்துட்டேன். 'குடும்ப மானம் போவுது, ஒனக்கு ராஜா வெளையாட்டால?'ன்னு அதுக்கும் ஏச்சு."

"என் மெசேஜ் வந்துச்சா?"

"அத அப்பாதான் மொதல்ல படிச்சாங்க. 'யாருல அந்த இசக்கி? நீயும் எவளையாவது இழுத்துட்டு வரப் போறியா?'ன்னு ஒரு மாசம் என்னயத் தூங்க விடல."

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. அவனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தான்.

"ஏம்ணே அப்புறமாவது சொல்லல?"

"அப்பா இருக்கும்போது சொன்னா அவங்களக் காட்டிக்குடுத்த மாதிரி. அப்புறம் நீ மூஞ்சியத் திருப்புன. எனக்கும் கோவம் வந்துச்சுட்டி, இல்லன்னு சொல்லமாட்டேன். உன் டர்ன் வந்தா நீயே பாப்பன்னு இருந்துட்டேன்."

"இசக்கி விஷயத்துலயும் நான்தாண்ணே."

"தெரியும்லா. மிஸ் சொல்லிக்குடுத்த வார்த்தன்னு பெருமையா அமுக்கிருப்ப. காந்திபுரம் எரியுதுன்னு அப்படி அழுத. அத நீதான் எரிச்சன்னு எப்படிச் சொல்லுவேன்?"

நவம்பர் 26, செவ்வாய்

அண்ணன் வந்தான். ரயிலில் காலையில் வந்து, சாயங்கால ரயிலில் திரும்பினான். தலையில் பாதி முடி இல்லை. கைத்தடியோடு வாசலில் நின்றவளைப் பார்த்து, "அரசிக்குப் போர்ல அடியாட்டி?" என்றான். ஜோயலின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்ள, அன்னைக்கு வர முடியல" என்று மட்டும் சொன்னான். ஜோயல் அவனுக்கு இரண்டாம் முறை மீன் குழம்பு ஊற்றினார். அதிகம் பேசத் தெரியாத மனிதர்.

சாப்பிட்டதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். அவன் முறை வந்தபோது எழுந்து போக என்னால் முடியாது என்பதால் சுவர்ப் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டேன். என் முறை வந்தபோது நாற்பது வயது மனிதன் எங்கள் பின்வாசலில் போய் சுவரைப் பார்த்து நின்றான். நூறு வரை எண்ணுவது உள்ளே கேட்டது. பக்கத்து வீட்டுப் பூனை அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

நான் கூட்டணியை ஏற்றேன். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து இசக்கியிடம் சமாதானம் கேட்டோம். குதிரை அனுப்பினோம், வாங்கிக்கொண்டாள். உப்பு அனுப்பினோம், வாங்கிக்கொண்டாள். கூட்டணி என்று கேட்டால் மட்டும் அதே பச்சைக் கண்ணோடு ஒரே பதில்: "ஆண்டு 214-ஐ நாங்கள் மறக்கவில்லை." பதினெட்டு சுற்று கேட்டோம்.

"இவ மனசு எறங்கவே மாட்டாண்ணே."

"அவ கம்ப்யூட்டர்ட்டி. அவளுக்கு அப்படித்தான் எழுதி வச்சிருக்கு" என்றான்.

மணி ஐந்தரை. ஜோயல் சாமி படத்துக்குக் கீழே விளக்கைப் போட்டார். அண்ணன் உப்புப் பொத்தானுக்குப் போன கையை எடுத்துக்கொண்டு குதிரையை அமுக்கினான். நான் பார்த்ததை அவன் பார்த்தான்.

ஆட்டோ வந்ததும், "என் டர்ன முடிச்சு வச்சிருக்கேன். நான் போனதுக்கு அப்புறம் தொற" என்றான்.

நவம்பர் 28, வியாழன்

மதியம் இரண்டு மணிக்கு விமானம். காலை பத்து மணிக்கு, வழியனுப்பப் போன அம்மா ஏர்போர்ட் வாசலிலிருந்து போனில் அழுதாள், பிறகு சூட்கேஸ் எடை கூடிவிட்டது என்று அண்ணியைக் குறை சொன்னாள். அண்ணன் போனை வாங்கி, "போய்ட்டு வாரேன்" என்றான். "வா" என்றேன்.

இரண்டு மணிக்குக் கம்ப்யூட்டரைப் போட்டேன். பாஸ்வேர்டை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தேன். இந்த முறை செய்தி எதுவும் எழுதவில்லை. ஆவுடைநல்லூரிலிருந்து ஒரு தூதர் வந்து காந்திபுரத்தில் தங்கியிருக்கிறார். என் தூதர் ஒருவர் அவன் அவையில் இருக்கிறார். அவர் படத்துக்குக் கீழே அந்தப் பொத்தான்.

ரீகால் என்வாய்.

அமுக்கவில்லை. மிஸ் சொல்லிக்கொடுத்த அர்த்தத்தில் ஒரு முறை படித்துவிட்டு, சேமித்து அணைத்தேன்.